ஊருக்குச் சொன்னோம், பிள்ளைக்குச் சொன்னோமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நர்சம்மா, நீங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க, பந்தி ரெடியா இருக்கு" என்று செயலாளர் முன்னாடியே சொல்லிவிட்டார். அதனால் சுருக்கமாகவே பேசப் பார்க்கிறேன்.

நான் பி.பி., சுகர் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அது இல்லை. இன்றைக்கு நம் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மாதவிடாய் என்ற வார்த்தையை மைக்கில் சொல்லப் போகிறேன். பின்னால் மைக் செட் தம்பி நிற்கிறார், பந்தல் போட்டவர்கள் நிற்கிறார்கள். இருக்கட்டும், அவர்களும் கேட்கட்டும். அவர்கள் வீட்டிலும் பெண் பிள்ளை இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1990-ல். நம் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் திட்டத்தின் முதல் குழுக்கள் தொடங்கினது 1989-ல். ஆக, குழுவும் நானும் கிட்டத்தட்ட ஒரே வயது. குழுக்களோடு சேர்ந்தே நானும் வளர்ந்தேன். அப்போது கூட்டத்தில் பெயரைச் சொல்லச் சொன்னாலே முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போடக் கூட்டிப் போனால் வங்கி வாசலில் செருப்பைக் கழட்டிவிட்டு நிற்பார்கள். இன்றைக்கு அதே கைகள் வங்கி இணைப்புக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகின்றன. "வட்டி எத்தனை பைசா போட்டிருக்கீங்க சார்?" என்று மேனேஜரிடமே கேட்கிறோம்.

பணத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டோம். பணத்தைப் பேசினது மட்டுமில்லை. பெண் சிசுக் கொலை என்ற வார்த்தையை இந்தப் பக்கம் யாரும் வாயால் சொல்லாத காலம் ஒன்று இருந்தது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001-ல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. அதற்குப் பிறகு குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து அதைப் பற்றி அழுது, சண்டை போட்டு, பேசினோம். பேசினதால் மானம் போய்விடவில்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் முந்தானை வாயில்தான் இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்புகிறோம். பச்சை ஓலையில் குடிசை கட்டுகிறோம். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். பத்திரிகை அடிக்கிறோம். மஞ்சள் நீராட்டு விழா என்று அந்தப் பிள்ளையின் போட்டோவைப் போட்டு, பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் கட்டுகிறோம். சீர்வரிசை மேளதாளத்தோடு வருகிறது. இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று ஊர் முழுக்கத் தெரியும்.

அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?

நமக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. பெரிய மனுஷி ஆயிட்டா, உக்காந்துட்டா, சமைஞ்சுட்டா, வீட்டுக்குத் தூரம், தலைக்கு ஊத்திக்கணும், காக்கா தொட்டுடுச்சு. எத்தனை வார்த்தை! இதில் ஒரு வார்த்தையாவது அவள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறதா? காக்கா தொட்டது என்றால் பத்து வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? காக்கா வந்து கொத்தும் என்றுதானே நினைக்கும்.

உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் குறையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். இதை நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அப்போது என் மகள் ஆறாம் வகுப்பு. பதினோரு வயது. நான் தினமும் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வளரிளம் பெண்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். படம் போட்ட அட்டையை விரித்து, இது கருப்பை, இது சினைப்பை என்று விளக்குவேன். என் மகளுக்கு? "அடுத்த வருஷம் சொல்லிக்கலாம், இன்னும் சின்னப் புள்ளதானே" என்று தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு வெட்கம். ஊரார் பிள்ளைக்குச் சொல்லும்போது வராத வெட்கம், என் பிள்ளை முகத்தைப் பார்த்தால் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பிள்ளை போர்வையைப் போர்த்திப் படுத்திருக்கிறாள். சாப்பிடவில்லை. மறுநாளும் பள்ளிக்கூடம் போகவில்லை. கேட்டால் வயிற்று வலி என்றாள். குளியலறையில் பார்த்தால், நோட்டுப் புத்தகத்தின் தாள்களைக் கிழித்துச் சுருட்டி வைத்திருக்கிறாள். ரத்தக் கறை. ஓடிப் போய்க் கட்டிப் பிடித்தேன். அவள் சொன்னாள்: "அம்மா, எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்துடுச்சு. சினிமால வர்ற மாதிரி நான் செத்துடுவேன். உனக்குச் சொன்னா அழுவேன்னுதான் சொல்லல."

இரண்டு நாள். நான் இருக்கும் வீட்டிலேயே, இரண்டு நாள் என் பிள்ளை தான் சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஊர்ல எல்லாருக்கும் சொல்றியே, எனக்கு ஏன்மா சொல்லல?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். வயதுக்கு வந்த பிறகு சொல்வது காலம் கடந்த பாடம். வருவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். இப்போது ஒன்பது, பத்து வயதிலேயே சில பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு படிக்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.

"எப்படிச் சொல்றது நர்சம்மா, வாய் வரலையே" என்று கேட்பீர்கள். நான் சொல்வது மாதிரி சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்குத் தலை பின்னிவிடும்போது சொல்லலாம். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, வெட்கம் பாதி குறைந்துவிடும்.

"கண்ணு, உன் அடிவயித்துக்குள்ள கருப்பைன்னு ஒரு சின்னப் பை இருக்கு. நீ பெரியவளாகி, கல்யாணம் ஆகி, குழந்தை வேணும்னு நெனைக்கும்போது குழந்தை வளர்றது அதுலதான். மாசா மாசம் அந்தப் பைக்குள்ள மெத்தை மாதிரி ஒரு படலம் வளரும். குழந்தை இல்லைன்னா மெத்தை தேவைப்படாது, கொஞ்சம் ரத்தத்தோட கரைஞ்சு ஒண்ணுக்குப் போற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற வழியா வெளியே வந்துடும். அது கெட்ட ரத்தமும் இல்ல, நோவும் இல்ல. அம்மாவுக்கும் வருது, ஆயாவுக்கும் வந்துச்சு, உங்க டீச்சருக்கும் வரும். உனக்கு வந்தா பயப்படாதே, என்கிட்ட வந்து சொல்லு. நான் ஊர்ல இல்லைன்னா டீச்சர்கிட்ட சொல்லு."

அவ்வளவுதான். இரண்டு நிமிஷம். இதில் அசிங்கமாக ஒரு வார்த்தை இருக்கிறதா, சொல்லுங்கள்?

அடுத்தது, எது சாதாரணம், எதற்கு ஆஸ்பத்திரி போக வேண்டும் என்பது. இதை நீங்கள் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்தப்போக்கு இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை இருக்கலாம். முதல் ஒன்றிரண்டு வருஷம் தேதி முன்னே பின்னே வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, கட்டி கட்டியாக நிறையப் போனாலோ, பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராமல் நின்றாலும், பதினைந்து வயது முடிந்தும் வயசுக்கு வராவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு மாதா மாதம் வலி இருந்தால், "பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி மூடிவிடாதீர்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை. பதினைந்து வயது. அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பிள்ளை ஆயாவோடு இருந்தாள். மூன்று வாரமாக ரத்தம் நிற்கவில்லை. ஆயாவிடம் சொன்னால், "உஷ்ணம்டி, மோர் குடி" என்றார். அந்தப் பெரியவளுக்கும் யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவர் மேல் தப்பில்லை. போனில் அம்மாவிடம் சொல்லலாம் என்றால், பக்கத்தில் அப்பா இருப்பாரே என்று வெட்கம். ஒரு நாள் குடத்தோடு குழாயடியில் விழுந்துவிட்டாள். நான் இமையை விரித்துப் பார்த்தேன், வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. 108-ல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள். இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையைச் சாவு வரைக்கும் கொண்டுபோனதில் பாதி நோய் என்றால், பாதி வெட்கம்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது கணக்குப்படி நம் தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தப் பந்தலில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அதை வாங்கி ஜன்னல் வழியாக வீசுகிறார்கள். எனக்குத் தெரியும், நானே பொறுக்கியிருக்கிறேன்! கேட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்கிறார்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், அதில் ஆபத்தில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டாது. டீயோடு மட்டும் போடக் கூடாது, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் விடக் கூடாது. நம் ஊர் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் ஆண் பிள்ளைக்கு எவ்வளவோ, பெண் பிள்ளைக்கும் அவ்வளவு வையுங்கள்.

சுத்தம் பற்றி இரண்டு வார்த்தை. 2011-ல் அறிவித்த புது யுகம் திட்டத்தில், 10 முதல் 19 வயது வரை உள்ள கிராமப்புறப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் நாப்கின் இலவசம். அதைச் சில மாவட்டங்களில் நம்மைப் போன்ற குழுப் பெண்களே தயாரித்துக் கொடுத்தார்கள். நமக்குப் பெருமையான விஷயம். நாப்கினோ துணியோ, நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். துணி என்றால் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். கட்டிலுக்கு அடியிலும் பாவாடைக்கு உள்ளேயும் ஒளித்துக் காயப்போட்டால் ஈரம் போகாது, அரிப்பும் புண்ணும் வரும். துணியை வெயிலில் காட்ட வெட்கப்பட்டால் அந்த வெட்கத்துக்கு உடம்புதான் வட்டி கட்டும்.

இப்போது பெரியம்மாக்கள் கோபப்படாமல் கேட்க வேண்டும். தீட்டு, ஒதுங்கி இருப்பது பற்றி. சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் நம்பிக்கை. அதை விடச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பிள்ளையை எங்கே படுக்க வைக்கிறோம்? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததே, நினைவிருக்கிறதா? அந்த ராத்திரி தஞ்சாவூர் மாவட்டத்தில், வயசுக்கு வந்ததற்காகத் தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்த ஒரு பிள்ளை, தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். அந்த அம்மாவுக்கும் பிள்ளை மேல் பாசம் இல்லாமலா இருந்திருக்கும்? வழக்கம் என்று செய்தார்கள். நம் வழக்கத்தில் பாசம் இருக்கட்டும், களி இருக்கட்டும், மாமன் சீர் இருக்கட்டும். பிள்ளை மட்டும் கூரைக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்கட்டும்.

அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி. "இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தா புள்ளைங்க கெட்டுப் போயிடாதா?"

இதை நம் ஊர்ப் பெரியவர்கள் மட்டும் கேட்கவில்லை. பள்ளிகளில் கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வியை 2007-ல் மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், கர்நாடகா போன்ற மாநில அரசுகளே நம் கலாச்சாரத்துக்கு ஒத்துவராது என்று நிறுத்தி வைத்தன. ஆனால் பல நாடுகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து யுனெஸ்கோ சொல்வது என்ன? இப்படிச் சொல்லிக் கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரமே தவறான பழக்கத்துக்குப் போவதில்லை. தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆய்வை விடுங்கள். நம் வீட்டைப் பார்ப்போம். நாம் சொல்லாவிட்டால் பிள்ளை தெரிந்துகொள்ளாமலா இருக்கிறது? கையில் செல்போன் இருக்கிறது. அதில் வருவது எதுவும் அம்மா சொல்வது மாதிரி இருக்காது.

ஆண் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. அது இயற்கை. ஆனால் அவனிடம் யார் சொல்கிறார்கள்? அப்பா சொல்வதில்லை. பயந்துபோய், லாட்ஜில் கேம்ப் போடும் வைத்தியரிடம் கடன் வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டுகிறான். "அது நோய் இல்லடா, எல்லா ஆம்பளைப் பசங்களுக்கும் வர்றதுதான்" என்று அப்பாவோ மாமாவோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கச்சிக்கு மாதவிடாய் என்றால் என்ன என்று தெரிந்த பையன், வகுப்பில் இன்னொரு பிள்ளையின் பாவாடையில் கறையைப் பார்த்துச் சிரிக்க மாட்டான்.

இன்னொன்று. உடம்பைப் பற்றிப் பேச வார்த்தை இல்லாத பிள்ளைக்கு, யாராவது தப்பாகத் தொட்டாலும் சொல்ல வார்த்தை இருக்காது. தொடுகிறவர் பல சமயம் தெரிந்தவராக, சொந்தக்காரராகவே இருப்பார். போக்சோ சட்டம் 2012-லிருந்து இருக்கிறது, குழந்தைகளுக்கு 1098 என்ற போன் எண் இருக்கிறது. ஆனால் பிள்ளை முதலில் நம்மிடம் வாயைத் திறக்க வேண்டுமே! திறந்தால், "நீ ஏன் அங்க போனே?" என்று கேட்காதீர்கள். "நல்லவேளை சொன்னே கண்ணு" என்று சொல்லுங்கள்.

வயசுக்கு வந்துவிட்டாள் என்பதற்குக் கல்யாணத்துக்குத் தயார் என்று அர்த்தமில்லை. அந்த வயதில் எலும்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் 2006-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், ரத்தமில்லாத பதினாறு வயது உடம்பு பிரசவத்தில் படும் பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உங்கள் யார் வீட்டிலும் அதைப் பார்க்க வேண்டாம்.

முடிக்கப் போகிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கூட்டமைப்பிடம் மூன்று கேட்கிறேன். முதலாவது, எல்லாக் குழுவிலும் மாதம் ஒரு கூட்டத்தில், சேமிப்பும் தவணையும் வசூலித்து முடித்த பிறகு பதினைந்து நிமிஷம் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். அதைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். உங்கள் ஊர் செவிலியரைக் கூப்பிடுங்கள், வருவார். இரண்டாவது, ஒவ்வொரு ஊக்குநர் வீட்டிலும் நான்கு பாக்கெட் நாப்கின் இருக்கட்டும். அம்மா ஊரில் இல்லாத பிள்ளைக்கு, "அந்த அக்கா வீட்டுக்குப் போனா கிடைக்கும், கேள்வியும் கேட்கலாம்" என்று தெரியட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். நம் குழுக்களில் சடங்கு செலவுக்கு உள்கடன் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடன் கேட்டு வரும் அம்மாவிடம், எதற்கு, எவ்வளவு, எத்தனை தவணை என்று கேட்கிறோம் அல்லவா? அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள். "பிள்ளைகிட்ட உட்கார்ந்து பேசிட்டியா?" பேசவில்லை என்றால் அன்றைக்கு ராத்திரியே பேசச் சொல்லுங்கள். அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தால் அவளிடமும் இப்போதே சொல்லச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மகள் அந்தக் குட்டிக்குத் தலை பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். எனக்குத் தெரியாத எதையும் அவள் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டதைத்தான் சொன்னாள்.

நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, சீப்பைக் கையில் எடுங்கள்.